பேஸ் வாசிப்பவரைப் பின்தொடருங்கள்: ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கையில் இருக்கும் ஹெட்போன் போதும். 1950களின் இறுதியிலோ 1960களின் தொடக்கத்திலோ பதிவான ஏதாவது ஒரு ஜாஸ் குழுவின் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டபுள் பேஸ் வாசிப்பவரை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை காதால் பின்தொடருங்கள். ஆளைவிட உயரமான வயலின் போன்ற வாத்தியம் அது. ஜாஸில் அதைப் பெரும்பாலும் வில்லால் இழைப்பதில்லை, விரலால் சுண்டுகிறார்கள். தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரமாக அது நடந்துகொண்டே இருக்கும். பால் சேம்பர்ஸ், ரே பிரவுன், சார்ல்ஸ் மிங்கஸ், ஸ்காட் லஃபாரோ, ரான் கார்ட்டர், இவர்களில் யார் வாசித்தது கிடைத்தாலும் சரி. முதல் நாள் இரண்டே நிமிடத்தில் ஆளைத் தவறவிட்டுவிடுவீர்கள். நான்காம் நாள் முழுப் பாட்டுக்கும் கூடவே போவீர்கள்.

இந்தப் பயிற்சியை நான் வலியுறுத்தக் காரணம், இனி நீங்கள் எடுக்கப்போகும் எல்லா முடிவுகளுக்கும் இதுதான் உரைகல். டபுள் பேஸின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சிறிய ஸ்பீக்கர்களால் அந்த அடிப்படை அதிர்வை எழுப்பவே முடியாது. மேலே உள்ள துணை அதிர்வுகளைக் கேட்டு நம் மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. சுமாரான அமைப்பில் எல்லாச் சுரமும் ஒரே மாதிரி 'தொம் தொம்' என்று விழும். நல்ல அமைப்பில் விரலின் சதை தந்தியை விட்டு விலகுவதும், சுரம் பிறப்பதும், அது மரக்கூட்டுக்குள் சுழன்று அடங்குவதும் தனித்தனியாகக் காதில் விழும். பேஸ் சரியாகக் கேட்டால் மற்ற வாத்தியங்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தாளமான சிம்பலின் பளபளக்கும் ஓசையைக் கேட்டு மயங்கி வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் கருவியை மாற்றுகிறார்கள்.

பணத்தைப் பிரிக்கும் விதம்

கருவிகளுக்கென்று ஒதுக்கிய தொகையில் ஏறத்தாழ பாதியை ஸ்பீக்கருக்கு வையுங்கள். மீதியில் பெரும்பங்கு, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கும், ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் போகட்டும். எஞ்சியதில் ஆம்ப்ளிபையர். நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய ஆம்ப்ளிபையர் ஒன்று கிடைத்தால் தயங்க வேண்டாம், அந்தத் தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முதிர்ந்துவிட்டது. ஒயர்களுக்குத் தனியாகப் பெரிய தொகை ஒதுக்காதீர்கள். போதிய தடிமனுள்ள செம்பு ஒயர், இறுக்கமான இணைப்பு, இவ்வளவுதான் தேவை. ஒயரை மாற்றியதும் இசையே மாறிவிட்டது என்று சொல்பவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். அந்தப் பணத்தில் பத்து இசைத்தட்டுகள் வாங்கலாம் என்பதே என் கருத்து.

பெட்டிபோல் மூடித் தூக்கிச் செல்லும், ஸ்பீக்கரும் உள்ளேயே பொருத்திய மலிவான பிளேயர்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றில் ஊசியின் எடையை மாற்றவே வழியில்லை. தட்டின் மேல் தேவைக்கு அதிகமாக அழுத்தும் ஊசி, இசை பதிந்த பள்ளத்தின் சுவர்களைத் தேய்த்துக்கொண்டே போகும். அறுபது ஆண்டுகள் தப்பிப் பிழைத்த ஒரு தட்டை அப்படித் தேய்ப்பதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

டர்ன்டேபிளில் பெல்ட்டால் சுழல்வது, மோட்டாரே நேரடியாகச் சுழற்றுவது என இரு வகை உண்டு. இரண்டிலும் நல்லவை இருக்கின்றன. பெல்ட் வகை எளிமையானது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும். நேரடி வகையில் வேகம் அசையாமல் நிற்கும். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 அந்த வகையின் பெயரையே நிலைநாட்டியது. எதை வாங்கினாலும் மூன்று வசதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் திருகி நகர்த்தக்கூடிய எதிர் எடை, கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ், தட்டு உள்நோக்கி இழுப்பதைச் சரிக்கட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டிங்.

கார்ட்ரிட்ஜில் தொடக்கத்துக்கு மூவிங் மேக்னட் வகையே போதும். ஊசி தேய்ந்தால் முனையை மட்டும் உருவிவிட்டுப் புதிதாகச் செருகலாம். ஊசி முனையின் வடிவத்தில் உருண்டை, நீள்வட்டம் என்று இரண்டு சாதாரணமாகக் கிடைக்கும். நீள்வட்டத்தையே எடுங்கள். அதன் பக்கவிளிம்பு ஏறத்தாழ 8 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று நினைத்துப் பார்த்தால், பள்ளத்தின் நுணுக்கமான வளைவுகளுக்குள் அது எப்படி நுழைகிறது என்பது புரியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஊசி எடுக்காததை ஆம்ப்ளிபையரோ ஸ்பீக்கரோ பின்னால் சேர்த்துவிட முடியாது.

ஊசியைப் பொருத்தி எடையிடுவது

இந்தப் பகுதிக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுங்கள். அவசரப்பட்டால் கெடுவது ஊசிதான்.

முதலில் டர்ன்டேபிளைக் கனமான, ஆடாத ஒரு பரப்பில் வையுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் வைக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கு ஏறி, ஊசியிலிருந்து திரும்ப ஸ்பீக்கருக்குப் போய், பேஸ் கலங்கிவிடும். ரசமட்டத்தைத் தட்டு சுழலும் தளத்தின் மேலேயே வைத்து நான்கு பக்கமும் பாருங்கள்.

பிறகு எடை. ஊசியின் உறையைக் கவனமாகக் கழற்றிவிட்டு, ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கைப் பூச்சியத்தில் வைத்து, எதிர் எடையைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். ஒரு கட்டத்தில் டோன் ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் மிதக்கும். முதன்முறை அதைப் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்பீர்கள். மிதக்கும் அந்த நிலையில் எதிர் எடையின் எண் வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். இப்போது எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அது 1.5 கிராமுக்கும் 2 கிராமுக்கும் இடையில் இருக்கும். சிறிய மின்னணுத் தராசு ஒன்றால் சரிபார்த்துக்கொள்வது நல்லது. எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த எடையில் ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், அந்தத் துள்ளல்தான் சுவரை வெட்டும். தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வைப்பதே பாதுகாப்பு. ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கைத் தொடக்கத்தில் அதே எண்ணில் வையுங்கள்.

அடுத்தது கோணம். கட்டம் போட்ட அளவுத்தாள் ஒன்றை டர்ன்டேபிளோடு தருவார்கள், இல்லாவிட்டால் தனியாக வாங்கலாம். அதில் குறித்த இரண்டு புள்ளிகளிலும் ஊசி சரியாக இறங்க வேண்டும், கார்ட்ரிட்ஜின் உடல் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். இரண்டு சிறிய திருகுகளையும் அரைச்சுற்று தளர்த்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஊசி தட்டில் இருக்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்கட்டும்.

கோணத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது தட்டின் உள்பகுதிக்காக. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அது 21 சென்டிமீட்டர்தான். அதே இசையை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். சிறு பிசகும் அங்கே சாக்ஸபோனைக் கரகரக்க வைத்துவிடும். பக்கத்தின் கடைசிப் பாட்டு சுத்தமாகக் கேட்டால் உங்கள் வேலை பலித்தது என்று பொருள்.

வேகத்தையும் சோதியுங்கள். கோடு போட்ட சோதனைத் தட்டோ, கைபேசிச் செயலியோ போதும். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பதிவானது. மார்ச் அமர்வின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் வெளியானபோது கொஞ்சம் வேகமாக, சுரம் கூடிக் கேட்டன. 1992இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை அதோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சுருதி கூட்ட வேண்டியிருந்தது.

போனோ பிரீஆம்ப்

கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்கித் தரும் மின்சுற்றுதான் போனோ பிரீஆம்ப். தட்டில் பள்ளத்தை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பேஸ் சுரங்களின் அகலத்தில் பக்கத்துக்குச் சில நிமிட இசைதான் கொள்ளும். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் துறை பொதுவாக ஏற்ற அளவை வைத்து, போனோ பிரீஆம்ப் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்கிறது. ஆம்ப்ளிபையரின் பின்பக்கம் 'போனோ' என்று எழுதிய துளை இருந்தால் உள்ளேயே அது இருக்கிறது. இல்லாவிட்டால் சிறிய பெட்டியாகத் தனியே வாங்க வேண்டும். டர்ன்டேபிளிலும் ஒன்று, ஆம்ப்ளிபையரிலும் ஒன்று இருந்தால் ஒன்றை அணைத்துவிடுங்கள். இரண்டும் வேலை செய்தால் பேஸ் வீங்கி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஸ்பீக்கரும் அறையும்

என் வாழ்க்கையில் செலவே இல்லாமல் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம், ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்ததுதான். ஒரு வருடம் சுவரை ஒட்டியே வைத்திருந்தேன். பேஸ் நிறைய இருந்தது, ஆனால் சேம்பர்ஸ் எந்தச் சுரம் வாசிக்கிறார் என்பது தெரியவில்லை. ஒருநாள் பெருக்குவதற்காக இரண்டையும் அறைக்குள் இரண்டு முழம் இழுத்துவைத்திருந்தேன். அப்படியே தட்டைப் போட்டேன். பேஸின் அளவு குறைந்தது. அதே நேரத்தில் அவர் படியேறி இறங்குவது ஒவ்வொரு படியாகக் கேட்டது. அன்றிலிருந்து அந்த ஸ்பீக்கர்கள் சுவருக்குத் திரும்பவில்லை.

காரணம் எளிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 4 மீட்டர் இருந்தால், நொடிக்கு 43 அதிர்வுக்கு அருகில் அறையே சேர்ந்து முழங்கும். டபுள் பேஸின் அடித்தந்தி ஏறத்தாழ அங்கேயேதான் இருக்கிறது. அதனால் ஒரு சுரம் மட்டும் பெருத்து, பக்கத்துச் சுரங்கள் காணாமல் போகும். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்துவதுதான் மருந்து. இரு ஸ்பீக்கர்களும் நீங்களும் சம பக்க முக்கோணமாக அமையுங்கள். மேலே இருக்கும், உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்துக்கு வரட்டும். பின்சுவரிலிருந்து அரை மீட்டரில் தொடங்கி, கையகலம் கையகலமாக நகர்த்தி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். உங்கள் முதுகும் சுவரை ஒட்டியிருக்கக் கூடாது. வெறும் தரையில் ஒரு விரிப்பும், ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரியும் இருந்தால் சிம்பலின் கூர்மை அடங்கும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் உணர்திறன் எண்ணைப் பாருங்கள். 90 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்கு 10 வாட்டில் கிடைக்கும் ஓசை, 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால்தான் கிடைக்கும். சிறிய அறையில் அளவான ஸ்பீக்கரே நல்லது. பெரியது அறையை மூழ்கடித்துவிடும்.

மோனோவைக் கண்டு விலக வேண்டாம்

இரு ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு 1957, 1958 வாக்கில்தான் வந்தன. அதற்கு முந்தைய ஜாஸ் தட்டுகள் ஏறத்தாழ எல்லாமே மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. அடுத்த சில ஆண்டுகளிலும் பல ஒலிப்பதிவாளர்கள் மோனோவையே மனத்தில் வைத்து வேலை செய்தார்கள். அக்கால ஸ்டீரியோ தட்டுகள் பலவற்றில் சாக்ஸபோன் ஒரு ஸ்பீக்கரிலும் டிரம்ஸ் மற்றதிலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் வெற்றிடமாக இருக்கும். நல்ல மோனோ தட்டில் குழு ஒரே இடத்தில், முன்னும் பின்னுமாக நெருங்கி நிற்கிறது. பழைய ஆம்ப்ளிபையர்களில் இருக்கும் மோனோ பொத்தானை மோனோ தட்டுகளுக்கு அழுத்திப் பாருங்கள், சரசரப்பில் ஒரு பகுதி மறைந்துவிடும். தொடக்கக் காலத்திலேயே இயல்பான ஸ்டீரியோ வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சல்ஸின் காண்டெம்பரரி நிறுவனத் தட்டுகளைத் தேடுங்கள். ராய் டுனான் அந்த நிறுவனத்தின் சரக்கறையிலேயே பதிவு செய்தவை அவை. இன்றும் வியக்க வைக்கின்றன.

தட்டு வாங்குவது

முதல் இருபது தட்டுகளையும் மறுவெளியீடுகளாகவே வாங்குங்கள். மூலப் பதிப்பு மோகம் பிறகு வரட்டும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனம் 2019இல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசை மூல ஒலிநாடாக்களிலிருந்து ஒலிப்பொறியாளர் கெவின் கிரே வெட்டியது. தட்டும் அமைதியானது, அட்டையும் கெட்டியானது. பிரஸ்டீஜ், ரிவர்சைட் நிறுவனங்களின் பதிவுகளை 1980களில் 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். பழைய தட்டுச் சந்தையில் அவை இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன, ஒலியும் நேர்மையானது. எந்த நாடாவிலிருந்து வெட்டியது, யார் வெட்டியது என்று அட்டையில் ஒரு சொல்கூட இல்லாத மறுவெளியீடுகளை வாங்காதீர்கள். அவற்றில் பல குறுந்தகட்டிலிருந்து நகலெடுத்தவை.

மூலப் பதிப்புக்குள் இறங்குபவர்கள் படிக்க வேண்டியது, லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலுள்ள வெற்று வளையம். விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் அங்கே கீறிய எழுத்துகள் தெரியும். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய தட்டில் 'ஆர்விஜி' என்றோ 'வான் கெல்டர்' என்றோ இருக்கும். பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோரின் வரவேற்பறையில் பதிவு செய்யத் தொடங்கியவர் அவர். 1959இல் எங்கிள்வுட் கிளிப்ஸில் உயரமான மரக்கூரையுடன் தனக்கென ஸ்டுடியோ கட்டினார். பழைய ப்ளூ நோட் தட்டுகளில் அவர் பெயரோடு காது போன்ற ஒரு சுழிப்பும் இருக்கும். பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்தப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்கிறார்கள். லேபிளில் அச்சிட்ட முகவரியும் காலம் சொல்லும்: லெக்சிங்டன் அவென்யூ முந்தையது, 47 வெஸ்ட் 63 பிந்தையது, வெறும் நியூயார்க் அதற்கும் பிந்தையது.

என் அறிவுரை, காதில்லாத தட்டுகளைத் தேடுங்கள். 1960களின் நடுவில் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்ட பிறகும், வான் கெல்டர் வெட்டிய அதே உலோக அச்சுகளிலிருந்து பல தட்டுகள் வந்தன. வளையத்தில் அவர் பெயர் இருக்கும், காது மட்டும் இராது. விலையில் பெரிய வித்தியாசம், ஒலியில் மிகச் சிறிய வித்தியாசம்.

பழைய தட்டின் தரத்தைக் குறிக்கப் புதியது போன்றது, மிக நன்று கூட்டல், மிக நன்று, நன்று என்று படிகள் உண்டு. 'நன்று' என்ற சொல்லை நம்பாதீர்கள், நடைமுறையில் அது நன்றாக உழைத்துத் தேய்ந்த தட்டு. ஒருமுறை 'மிக நன்று கூட்டல்' என்று விற்கப்பட்ட தட்டொன்றை வாங்கினேன். கண்ணாடிபோல் மின்னியது, ஒரு கீறலும் இல்லை. போட்டால் டிரம்பெட் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் கிழிந்த காகிதம் போலக் கரகரத்தது. கனமான ஊசிகள் பள்ளத்தின் சுவரைத் தேய்த்திருந்தன, அது கண்ணுக்குத் தெரியாது. அதன்பின் நான் முதலில் பார்ப்பது லேபிளின் நடுத்துளையைத்தான். துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் பின்னிக் கிடந்தால், தட்டை எத்தனையோ முறை தடவித் தடவி முளையில் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். விரலால் தடவினால் தட்டுப்படும் கீறல் கட்டாயம் 'டிக் டிக்' என்னும். தடவினால் தெரியாத முடிக்கீறல் பெரும்பாலும் ஒலிக்காது. போட்டுக் கேட்க வாய்ப்பிருந்தால் பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள்.

கழுவுவதும் அடுக்குவதும்

பழைய தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவுங்கள், அதற்கு முன் ஊசியை இறக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் இசைத்தட்டுக்கான திரவம் சில சொட்டு, மென்மையான பிரஷ், பள்ளம் போகும் திசையிலேயே துடைப்பு, பிறகு வெறும் வடிநீரில் ஒரு அலசல். லேபிள் நனையக் கூடாது. ஷெல்லாக் என்ற அரக்கால் ஆன 78 வேகத் தட்டுகளில் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அவற்றுக்குத் தனி ஊசியும் வேண்டும், 33⅓ வேகத் தட்டுக்கான எல்பி ஊசி அந்தப் பள்ளத்தில் அடியில் உருளும். ஒவ்வொரு முறை போடும்போதும் கார்பன் இழைப் பிரஷால் இரண்டு சுற்று. ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டுமே துடைக்க வேண்டும்.

காகித உள்ளுறை தூசு உதிர்க்கும், பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். பிவிசி உறைகள் நாளடைவில் தட்டின் மேல் பனிபோல் படர்ந்துவிடும். தட்டுகளை நெட்டுக்குத்தாக, சாயாமல் நிறுத்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளையும். ஒரு அலமாரியில் நூறு தட்டு வைத்தால் அட்டையோடு சேர்த்து 25 கிலோவைத் தாண்டக்கூடும், பலகையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பொருத்திய தேதியை ஒரு சிறு காகிதத்தில் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டிவையுங்கள். சாதாரண நீள்வட்ட ஊசிக்கு 500 மணி நேரம் பாதுகாப்பான கணக்கு. பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் 1500 பக்கங்கள். தினமும் ஒரு தட்டு கேட்பவருக்கு இரண்டு வருடம் வரும். அதற்கு முன்பே லேபிளை நெருங்கும்போது சிம்பல் எச்சில் தெறிப்பதுபோல் ஒலித்தால், காகிதத்தில் எழுதிய தேதியைப் பொருட்படுத்தாமல் அன்றே மாற்றிவிடுங்கள்.